பத்துக்கு எத்தனை

ஜூலை 1, திங்கள்

இந்த டைரி என் கைக்கு வந்ததே ஒரு கதை. வெள்ளிக்கிழமை இவருக்குப் பணி ஓய்வு விழா. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம், கடைசியில் போர்மேன். சந்தன மாலை, ஏழு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், பேனாவோடு ஒரு டைரி. பாதி வருஷம் முடிந்த பிறகு டைரி பரிசளிக்கிற ஆட்கள் இவர் ஆபீசில்தான் இருப்பார்கள். "எனக்கு எழுத என்ன இருக்கு, நீ எழுது வடிவு" என்று என்னிடம் தந்துவிட்டார்.

சரி, எழுதுகிறேன். பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்தொன்று. சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. டீச்சர். கணவர் ஆவுடையப்பன். ஒரே மகள் கோமதி, கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. எப்போதாவது இடுப்பு வலி. அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு பெட்ரூம், ஒரு ஹால். இரண்டு வருஷமாக இவர் ஹாலில் படுக்கிறார். அங்கே பேன் காற்று நன்றாக வருகிறதாம்.

ஜூலை 3, புதன்

ஓய்வு பெற்று இன்றுதான் மூன்றாவது நாள். மிக்ஸி வயரை மாற்றிவிட்டார், காலிங் பெல்லை மாற்றிவிட்டார், நன்றாக எரிந்துகொண்டிருந்த குழல் விளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். ஹால் பேனை மட்டும் தொடவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டு பின்பக்கம் நின்றார். கேட்டதற்கு, "சும்மா பார்த்தேன்" என்றார்.

கோ-கோ அணிக்குப் பதினைந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓடத் தெரிந்தவர்கள் ஆறு பேர்.

ஜூலை 8, திங்கள்

காலையில் காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார். குஜராத்தில் கட்ச் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் மேற்பார்வைக்கு ஆள் கேட்கிறார்களாம். கூட வேலை பார்த்த ஒருவர் அங்கே இருக்கிறார், அவர்தான் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு வருஷம். தீபாவளி முடிந்து போய்ச் சேரவேண்டும், செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொன்னால் போதும்.

"உனக்கும் நிம்மதியா இருக்கும்" என்றார்.

"உங்க இஷ்டம், போறதுன்னா போங்க" என்றேன். டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒரே டம்ளரை எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து எங்கள் பள்ளி ஆசிரியைகளுக்கு மகளிர் நல முகாம் நடத்தினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை. எடையில் நான்தான் பள்ளிக்கே நம்பர் ஒன், அதாவது குறைவில். பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு படிவம் தந்தார்கள். மாதவிடாய் எப்போது நின்றது, நாற்பத்தொன்பதில். கட்டி ஏதாவது, இல்லை. பதினோராவது கேள்வி: கணவருடன் உறவின்போது வலி உண்டா? ஆம், இல்லை, இரண்டுக்கும் கட்டம்.

"இல்லை"யில் டிக் போட்டேன். படிவத்தைக் கொடுத்துவிட்டு மைதானம் வரை போனேன். திரும்பி வந்து, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று பொய் சொல்லி வாங்கி, "ஆம்" என்று டிக் போட்டேன். "இல்லை"யை அடிக்க மறந்துவிட்டேன்.

மருத்துவர் பெயர் ஹமீதா. நாற்பது வயது இருக்கும். என் முறை வந்ததும் படிவத்தைப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், "டீச்சர், ரெண்டுலயும் டிக் போட்டிருக்கீங்க" என்றார். பக்கத்தில் கணக்கு டீச்சர் நின்றதால் நான் இடுப்பு வலி என்று ஏதோ உளறினேன். டாக்டர் தலையாட்டிவிட்டு ஒரு சீட்டில் போன் நம்பரும் "சனிக்கிழமை காலை" என்றும் எழுதித் தந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

போகவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆடித்தபசுத் திருவிழா. ஊர் முழுக்க ஜனம். தெற்கு ரத வீதியில் மூச்சுவிட இடமில்லை. கூட்டம் தள்ளியதில் நான் பின்னால் போய்விட, இவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சுவாமி அம்மனுக்குக் காட்சி கொடுத்து முடியும் வரை விடவில்லை. கூட்டம் கலைந்து நடக்க இடம் வந்ததும் சட்டென்று விட்டுவிட்டார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

வீட்டுக்கு வந்து டாக்டர் தந்த சீட்டைத் தேடினேன். விசில் பையில்தான் இருந்தது.

ஜூலை 27, சனி

இவரிடம் அணிக்கு டிராக் சூட் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டை போனேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நானே சொல்லிவிட்டேன், பரிசோதனையை இன்றைக்கே முடித்துவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக்கொள்கிறேன் என்று. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பல்லைக் கடிச்சுக்கிட்டு படுக்கிறவங்களை நான் தொடறதில்ல, டீச்சர். இன்னிக்கு பேசுவோம்" என்றார்.

முக்கால் மணி நேரம் பேசினோம். வலி எப்போது தொடங்கியது, நுழையும்போதே வலியா, உள்ளே போன பிறகா, எரிச்சலா, குத்தலா, முடிந்த பிறகு எத்தனை நேரம் இருக்கும், முன்பு எப்படி இருந்தது. இருபத்தேழு வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் யாரும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வாசலிலேயே வலி, கண்ணாடித் துண்டு வைத்துக் கீறுகிற மாதிரி, மறுநாள் ஒன்றுக்குப் போகும்போதும் எரியும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், இவ்வளவும் எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்று புரிந்தது.

இதற்கு முன் யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார். அதையும் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு கிளினிக். படுக்கச் சொன்னார்கள், என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரும்புக் கருவியை உள்ளே விட்டார்கள். கத்திவிட்டேன். அந்த மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பிள்ளை பெத்தவதானே, இதுக்கு என்ன கூச்சல்? ஐம்பது வயசுல இதெல்லாம் இல்லாட்டி என்ன?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஆமாம், நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

 

டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். வீட்டுப்பாடமும் தந்தார்: ஒரு கைக் கண்ணாடி வைத்து நானே ஒரு தடவை பார்க்க வேண்டும். முப்பது வருஷமாகப் பெண் பிள்ளைகளை நிற்கவைத்து, உடம்பைப் பற்றி வெட்கப்படக் கூடாது என்று தொண்டை கிழியச் சொல்கிறவள் நான். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

டிராக் சூட் எங்கே என்று இவர் கேட்டார். கலர் பிடிக்கவில்லை என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

வீட்டுப்பாடம் செய்தாயிற்று. குளியலறையில் கண்ணாடியோடு உட்கார்ந்த நேரத்தில் இவர் கதவைத் தட்டி, ஹீட்டர் சுவிட்சில் சத்தம் வருகிறதா என்று கேட்டார். கண்ணாடி வாளிக்குள் விழுந்தது. வரவில்லை என்றேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் தட்டி, இப்போது வருகிறதா என்றார். இந்த மனுஷருக்குச் சீக்கிரம் ஒரு வேலை கிடைக்க வேண்டும்.

கிடைத்திருக்கிறது, கட்ச்சில்.

பார்த்தேன். பயந்த மாதிரி ஒன்றுமில்லை. யாரோ ஒரு தெரிந்த ஆளை ரொம்ப நாள் கழித்துப் பார்த்ததுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காலையில் சித்ரான்னம் செய்து வைத்துவிட்டுப் பாளையங்கோட்டை பஸ் ஏறினேன். டிராக் சூட்டுக்கு வேறு கடை என்றேன்.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

அறையில் டாக்டரும் ஜெபா சிஸ்டரும் மட்டும். கதவைத் தாழ் போட்டார்கள், திரையையும் இழுத்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. சிஸ்டர் என் தலைமாட்டில் நின்றார், அங்கே வேடிக்கை பார்க்கிற இடத்தில் இல்லை. டாக்டர் முதலில் உடன்பாடு பேசினார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். நான் "நிறுத்துங்க" என்றால் நிறுத்திவிடுவார், ஏன் என்று கேட்கமாட்டார். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நான் மதிப்பெண் போட வேண்டும்.

நான் அவர் சொன்னதை நம்பவில்லை. அவர் கையுறை மாட்டி ஸ்டூலில் உட்கார்ந்ததுமே, என்னைத் தொடுவதற்கு முன்னாலேயே, "நிறுத்துங்க" என்றேன். உடனே இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் எரிச்சல் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்படியே இருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கே வராத அழுகை. சிஸ்டர் என் தோளில் கை வைத்துக்கொண்டார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, "இப்ப பாருங்க டாக்டர்" என்றேன்.

காது குடைகிற பஞ்சுக் குச்சி மாதிரி, கொஞ்சம் நீளமாக ஒன்று. அதை முதலில் என் முழங்காலில் தொட்டுக் காட்டினார், பிறகு தொடையில். இவ்வளவு அழுத்தம்தான் இருக்கும் என்றார். பிறகு வெளிப்பக்கம். ஒன்றும் இல்லை, பூஜ்யம். பிறகு யோனி வாசலைச் சுற்றி, கடிகார முள் நகர்கிற மாதிரி ஒவ்வொரு இடமாக. பன்னிரண்டு மணி, பூஜ்யம். இரண்டு மணி, ஒன்று. மூன்று மணி, ஒன்று. ஐந்து மணியில் நான்கு போட்டேன். ஆறு மணியில் தொட்டதும் இடுப்பு தானாகவே மேலே ஏறிக்கொண்டது. எட்டு.

கையை எடுத்துவிட்டார். கண்ணாடியை என் கையில் தந்து, இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். தோல் வெளிறி, மெலிந்து, வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைந்தால் இப்படி ஆகுமாம், பாதிப் பெண்களுக்கு மேல் ஆகுமாம், யாரும் சொல்வதில்லையாம். ஆறு மணி இடத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கோமதி பிறந்தபோது போட்ட தையல். அதைச் சுற்றித்தான் அந்த எட்டு.

"வலி உங்க மனசுல இல்ல, டீச்சர். இதோ, இந்த இடத்துல இருக்கு" என்றார்.

இரண்டு வருஷமாக நான் என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசை வற்றிப்போனவள், புருஷனை ஒதுக்கியவள் என்று. கடைசியில் பார்த்தால் விரல் நகம் அளவு இடம்.

அதற்குப் பிறகு என்னைக் கேட்டுக்கொண்டு, ஜெல் தடவிய ஒரே ஒரு விரல். இரண்டு பக்கமும் தசை கயிறு மாதிரி இறுகியிருக்கிறது என்றார். இறுக்கச் சொன்னார், இறுக்கினேன். மாவட்ட அளவில் ஓடியவள் அல்லவா. இப்போது தளர விடுங்கள் என்றார். எனக்கு அது முடியவில்லை. எங்கே விடுவது என்றே தெரியவில்லை. வலி வரும் வரும் என்று காத்திருந்து காத்திருந்து அந்தத் தசை இறுகியே பழகிவிட்டதாம். "உங்களுக்கு டைட் பண்ண நல்லா வருது, விடத்தான் வரலை" என்றார். ஜெபா சிஸ்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அந்த மேஜைமேல் படுத்துக்கொண்டு.

கருவியெல்லாம் இன்று வேண்டாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள், சின்ன அளவில் இருக்கிறது என்றார். வாசலில் தடவ ஒரு ஹார்மோன் கிரீம். இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. தசையைத் தளர்த்த மூச்சுப் பயிற்சி. சரியாக இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை உறவு வேண்டாம்.

அதற்குச் சிரமமே இல்லை என்றேன். டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கிரீமையும் மருத்துவமனை அட்டையையும் நான் பள்ளிக்குத் தூக்கிப்போய்க் கொண்டுவருகிற முதலுதவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வீட்டில் அதை நான் மட்டும்தான் திறப்பேன். பயிற்சியை மாடியில் பாய் விரித்துச் செய்கிறேன். இழுத்துப் பிடிக்க முப்பது வருஷம் கற்றுக்கொடுத்தவள், விடுவதற்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

இவர் பிளேடில் விரலை வெட்டிக்கொண்டார். நான் வந்து பார்த்தபோது அவரே கட்டுப் போட்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வீட்டுக்குள் வந்தால் மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் வைத்திருக்கிறது. ராத்திரிக்கு இட்லி அவரே ஊற்றினார். கல் மாதிரி இருந்தது, நான்கு சாப்பிட்டேன். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோகாது என்று சொல்வார்கள். இவ்வளவு நன்றாகப் போகாது என்று தெரியாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம், அணிவகுப்பு எல்லாம் நன்றாக நடந்தது. எந்த வருஷமும் வராத மனுஷர் இன்று பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று கடைசி வரை பார்த்தார். முடிந்ததும், ரொம்ப நேரம் நிற்காதே, நிழலில் உட்கார் என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோமதி வீடியோவில் வந்து, ஒரு காரணமும் இல்லாமல் அழுதாள். "நல்லா சாப்பிடுதியாம்மா, நல்லா தூங்குதியாம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாப்பிள்ளையோடு ஏதாவது சண்டையா என்று கேட்டேன், இல்லை என்றாள். இவள் எதையோ மறைக்கிறாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்திருக்கிறார். தண்ணீரில் குழைத்து வயிற்றில் பூசிக்கொள் என்றார். எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லையே என்றேன். "பூசிக்கோ வடிவு" என்றார். குரல் உடைந்த மாதிரி இருந்தது. பூசிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று மூன்றாவது தடவை பாளையங்கோட்டை.

பெயரைக் கூப்பிடுவதற்காக நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வரிசையில் கடைசி நாற்காலியில் ஒரு ஆள் தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை வேறு இறக்கிவிட்டிருந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சட்டை, நான் காலையில் இஸ்திரி போட்டுவைத்த சட்டை.

எழுந்துபோய் எதிரே நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஸ்கூட்டரில், பஸ்ஸின் பின்னாலேயே வந்திருக்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எந்த ஸ்டேஜ்னு மட்டும் சொல்லு, வடிவு. நான் தாங்கிக்கிடுதேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். விரலில் வெட்டுப்பட்ட அன்று முதலுதவிப் பெட்டியைத் திறந்திருக்கிறார். என் மருத்துவமனை அட்டையின் தலைப்பை அதில் எழுதி வைத்திருந்தார்: மகப்பேறு, மகளிர் நோய், புற்றுநோய்த் தடுப்புப் பிரிவு. அதில் ஒரு சொல்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கோமதியிடமும் சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக அப்பாவும் மகளும் எனக்குத் தெரியாமல் அழுதிருக்கிறார்கள்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன். இரண்டு டீ வாங்கி, மூலையில் உட்கார்ந்தோம். புற்றுநோய் இல்லை என்றேன். பிறகு எதற்கு இவ்வளவு தூரம் ஒளித்து மறைத்து வருகிறாய் என்றார். இனிமேல் இடுப்பு வலி என்று சொல்ல முடியாது.

"நாம சேரும்போது எனக்கு வலிக்கும். ரொம்ப வலிக்கும். அதைக் காட்டத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டேன். கேண்டீனில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உலகம் அப்படியேதான் இருந்தது.

அவர் டீயைத் தொடவே இல்லை. "அன்னிக்கு நீ தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்ததை நான் பார்த்தேன். என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். இனிமே உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதுன்னுதான் ஹாலுக்குப் போனேன்."

"ஹால்ல காத்து நல்லா வருதுன்னீங்களே."

"ஹால்ல ஏது காத்து? அந்தப் பேன் கண்டென்சர் போய் ரெண்டு வருஷமாச்சு."

ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனுஷர் இரண்டு வருஷம் புழுக்கத்தில் படுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இவர் முதலில் கேட்டது, என்னால் வந்ததா டாக்டர் என்று. யாராலும் வந்ததல்ல என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். பிறகு இவர் போர்மேனாகிவிட்டார். எந்த இடத்தில், எவ்வளவு நாளில் சரியாகும், திரும்ப வருமா, தடுக்க என்ன வழி. டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், இரண்டு மாதம் அந்த முயற்சி மட்டும்தான் வேண்டாம், ஒரே அறையில் தூங்குவதற்குத் தடை எதுவும் இல்லை என்றார். இவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது நான் ஸ்கூட்டரில் பின்னால். தேவர்குளம் தாண்டி ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"காத்தாடி இங்கயே இத்தனை நிக்குதே. இதைப் பார்க்க கட்ச்சுக்குப் போகணுமா?"

"நீதானே போங்கன்ன."

"இப்ப சொல்லுதேன். போகாதீங்க."

கொஞ்ச நேரம் காற்றாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைக் கிளப்பினார். பனவடலிசத்திரத்தில் நிறுத்தி எனக்கு நுங்கு சர்பத் வாங்கித் தந்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கட்டில் சத்தம் போடுகிறது என்று காலையில் நான்கு காலுக்கும் ரப்பர் வைத்தார். பெட்ரூம் பேனில் ஒன்றும் கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

கட்ச்சுக்குப் போன் போட்டு வரமுடியாது என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று காரணம் சொன்னார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோமதியிடம் புற்றுநோய் இல்லை என்று அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். பின்னே என்ன என்று அவள் என்னை விடவில்லை. வழக்கம்போல இடுப்பு என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு உள்ளதைச் சொன்னேன். மகளிடம் சொல்கிற விஷயமா என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, அந்த டாக்டர் நம்பர் வேண்டும், ஆபீசில் ஒரு பிரெண்டுக்கு என்றாள். கல்யாணமாகி ஒரு வருஷமாம், அந்தப் பிரெண்டுக்கு. தொட்டாலே வலிக்குமா என்று கேட்பார்களா, கட்டாயப்படுத்திப் பார்ப்பார்களா, கல்யாணமான புதிதிலேயே இப்படி இருந்தால் சிரிப்பார்களா. பிரெண்டுக்காக நிறையக் கேள்வி கேட்டாள். ஒன்று விடாமல் பதில் சொன்னேன். தீபாவளிக்கு வரும்போது பிரெண்டைக் கூட்டிக்கொண்டு வா, நான் தலைமாட்டில் நிற்கிறேன் என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

செப்டம்பர் 7, சனி

மண்டல கோ-கோவில் அரையிறுதியில் தோற்றோம். இரண்டு புள்ளி. பிள்ளைகள் அழுதார்கள், புரோட்டா வாங்கிக் கொடுத்தேன், அழுகை நின்றது.

செப்டம்பர் 28, சனி

மறு பரிசோதனை. இருவரும் போனோம், இவர் வெளியே உட்கார்ந்திருந்தார், ஹெல்மெட் இல்லாமல்.

அதே பஞ்சுக் குச்சி, அதே சுற்று. ஐந்து மணி, ஒன்று. ஆறு மணி, மூன்று. டாக்டர் பழைய தாளை எடுத்து எனக்குக் காட்டினார். தோல் நிறம் திரும்பியிருக்கிறது, நானே கண்ணாடியில் பார்த்தேன். பிறகு விரல். மூச்சை மெதுவாக வெளியே விட்டேன், தசையும் கூடவே இறங்கியது. எங்கே விடுவது என்று உடம்பு கண்டுபிடித்துவிட்டது. டாக்டர் என் முழங்காலைத் தட்டினார்.

இன்று அந்தக் கருவியையும் பார்த்துவிடுவோமா என்று நானேதான் கேட்டேன். சின்னது. முதலில் என் கையில் தந்து திறந்து மூடிப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, என்னையே வைக்கச் சொன்னார். வைத்தேன். கொஞ்சம் அழுத்தம், இரண்டு மதிப்பெண். கர்ப்பப்பை வாய் சோதனைக்கும் மாதிரி எடுத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்.

வெளியே வந்ததும் இவர் எழுந்து நின்றார். பாஸ் என்றேன்.

அக்டோபர் 9, புதன்

சோதனை முடிவு வந்துவிட்டது. ஒரு கோளாறும் இல்லை. தேவர்குளம் பக்கத்துக் காற்றாலையில் வாரத்தில் மூன்று நாள் மேற்பார்வைக்கு வரச்சொல்லி இவருக்குக் கடிதமும் வந்திருக்கிறது. இரண்டு காகிதத்தையும் ஒரே காந்தத்தில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று என்னுடையதை மட்டும் எடுத்து மடித்து வைத்தேன்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் இன்று கிளம்பினார்கள். நேராக ஓசூர் போகவில்லை. நானும் பாளையங்கோட்டை வரை கூடப் போனேன். பிரெண்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கோமதி மட்டும் உள்ளே வந்தாள். டாக்டர் அவளிடமும் இன்றைக்குப் பேச்சு மட்டும்தான் என்றார். பேசி முடித்து வெளியே வந்தவள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல பையன். அடுத்த சந்திப்புக்கு டிசம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ஒன்பது மணி. பால் பாக்கெட் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு முப்பிடாதி அக்கா வந்து பெல் அடித்து, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா, வாசல்கூடத் தெளிக்கவில்லையே என்று விசாரித்தாள். இவர்தான் போய்க் கதவைத் திறந்தார். நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்று சொன்னது எனக்கு இங்கே கேட்டது. நான் தூங்கவில்லை, போர்வைக்குள் இந்த டைரியை வைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

நேற்று ராத்திரி, வலிச்சா சொல்லு, நிறுத்திருவேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வலிக்குதா என்றார். இல்லை என்றேன். மறுபடியும் வலிக்குதா என்றார். மூன்றாவது தடவை அவர் வாயைத் திறந்தபோது நான் கையால் பொத்திவிட்டேன்.